மூடிய பாட்டிலுக்கு வயது ஏறுவதில்லை

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ வாங்கிவந்து கொடுத்த விஸ்கி பாட்டில் ஒன்று, பிரிக்கப்படாமலேயே பல வீடுகளின் பீரோவில் கிடக்கிறது. நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்திருப்பார்கள். நல்ல நாள் வந்தபோது அது யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. வீட்டுப் பெரியவர் காலமான பிறகோ, வீடு மாற்றும்போதோ, மேல்தட்டை ஒழிக்கையில் அது கைக்கு வரும். அட்டைப்பெட்டி மங்கிப் போயிருக்கும். லேபிளில் ‘12 ஆண்டுகள்’ என்று இருக்கும். வாங்கி வந்து 25 வருடம் ஆகியிருக்கும். உடனே இரண்டு கேள்விகள் எழும். இதைக் குடித்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? அல்லது, இத்தனை வருடம் இருந்ததால் இது 37 வருட விஸ்கியாக உசந்திருக்குமா?

இரண்டுமே இல்லை. மூடி சரியாக இருந்திருந்தால், அன்றைக்குக் கடையில் இருந்த அதே 12 வருட விஸ்கிதான் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. கெட்டும் போகவில்லை, முதிரவும் இல்லை. உணவுப் பொருள் எதைத் தொட்டாலும் காலாவதித் தேதி பார்க்கும் நமக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். சர்வதேச உணவுத் தரவிதியான கோடெக்ஸ், 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள பானங்களுக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை என்றே விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்குக்குப் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது.

விடியற்காலையில் பனையிலிருந்து இறக்கிய கள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சொட்டும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும். மதியத்துக்குள் ஏறிவிடும், மறுநாள் காடியாகிவிடும். காரணம், அதில் சர்க்கரை இருக்கிறது, ஈஸ்ட் இருக்கிறது, பாக்டீரியா இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று வேலை செய்துகொண்டே இருக்கின்றன. விஸ்கியும் இப்படி ஒரு நொதித்த பானத்திலிருந்துதான் பிறக்கிறது. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் 8 சதவீத அளவுக்கு ஆல்கஹால் கொண்ட ஒரு திரவம் கிடைக்கும். அந்த நிலையில் அதுவும் கள்ளைப் போலவே கெடக்கூடியதுதான். ஆனால் அதைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். சர்க்கரை, புரதம், செத்த ஈஸ்ட் எல்லாம் கொப்பரையின் அடியிலேயே தங்கிவிடும். ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்து சொட்டுவது சுமார் 70 சதவீத ஆல்கஹால். பின்னால் நீர் சேர்த்து 40 சதவீதத்துக்குக் குறைத்தாலும் அதில் எந்த நுண்ணுயிரும் பிழைக்காது. ஈஸ்டே 15, 18 சதவீதத்தைத் தாண்டினால் தன் ஆல்கஹாலில் தானே மடிந்துவிடும்.

பழைய சாராயம் விஷமாக மாறிவிடும் என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் அந்த ரசாயனத்தை யாரோ சாராயத்தில் கலந்ததால் நேர்ந்த சாவுகள் அவை. சீல் வைத்த பாட்டிலுக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் எத்தனால் மெத்தனாலாக மாறாது. அதற்கான வேதிவழியே கிடையாது. ஆகவே பழைய பாட்டிலில் பயப்பட வேண்டியது, அது உண்மையிலேயே தயாரிப்பாளர் அடைத்து சீல் வைத்த பாட்டில்தானா, நடுவில் யாராவது திறந்து வேறெதையாவது நிரப்பினார்களா என்பதற்கு மட்டுமே. மதுவே உடம்புக்குத் தீங்கு, பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அது புது பாட்டிலுக்கும் பழைய பாட்டிலுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

அடுத்தது முதிர்ச்சி. விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாயில்தான். வடித்து இறக்கிய புதுச் சாராயம் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும், மூக்கில் ஏறும் கந்தக வாடை வீசும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அதை 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லவே முடியும். பீப்பாயின் உட்புறத்தை முன்பே நெருப்பில் வாட்டியோ கருக்கியோ வைத்திருப்பார்கள். அந்தக் கரி கந்தகச் சேர்மங்களை உறிஞ்சிக்கொள்ளும். சூட்டில் உடைந்த மரத்தின் லிக்னினிலிருந்து வனிலின் கசியும். வெனிலா ஐஸ்கிரீமில் வரும் அதே மணப்பொருள்தான் அது. ஓக்கிலிருக்கும் லாக்டோன்கள் தேங்காய் மணத்தைத் தரும். மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே போய், ஆல்கஹாலில் கொஞ்சத்தை ஆக்சிஜனேற்றி அமிலங்களாக்கி, பழவாசனை கொண்ட எஸ்டர்கள் உருவாக வழிசெய்யும். மரத்தின் வழியே வெளியே போவதும் உண்டு. ஸ்காட்லாந்தின் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்று அங்கே சொல்வார்கள். பெங்களூரில் அம்ருத் டிஸ்டில்லரியின் பீப்பாய்களில் இந்த இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டும். அதனால்தான் நம் நாட்டு மால்ட் விஸ்கிகள் ஐந்தாறு வருடத்திலேயே பாட்டிலுக்கு வந்துவிடுகின்றன. 30 வருடம் வைத்தால் பீப்பாயில் எதுவும் மிஞ்சாது.

1926-இல் மக்காலன் நிறுவனம் வடித்து 263-ஆம் எண் பீப்பாயில் அடைத்த விஸ்கி 60 ஆண்டுகள் அதிலேயே இருந்தது. 1986-இல் இறக்கியபோது 40 பாட்டில்களுக்கு மட்டுமே தேறியது. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஏலத்துக்கு முன் அதன் பழைய கார்க்கை மாற்றி, ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதித்தே அனுப்பினார்கள். ஏலத்தன்று அந்த விஸ்கியின் வயது 97 இல்லை. அது 60 வருட விஸ்கிதான். பாட்டிலில் இருந்த 37 வருடம் கணக்கிலேயே வராது. லேபிளில் எழுதும் வயது பீப்பாயிலிருந்து இறக்கிய அன்றோடு நின்றுவிடும் என்பதில் தயாரிப்பாளர், சட்டம், வேதியியல் மூன்றுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

கண்ணாடி எதையும் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. பாட்டிலின் கழுத்தில் இருக்கும் சில மில்லிலிட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் வேலை செய்யும், அவ்வளவுதான். விஸ்கி லேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால் உள்ளே எஸ்டர்கள் உடைவதும் மீண்டும் சேர்வதும் மிக மந்தமாக நடந்துகொண்டிருக்கும். பல பத்தாண்டுகளில் அது மூக்குக்குத் தெரியும் அளவுக்கு வரலாம். 1960-களின் பாட்டில்களைத் திறந்து பார்த்த அனுபவசாலிகள், ஈர உலோகத்தையும் பழைய காகிதத்தையும் நினைவூட்டும் ஒரு வாடையைப் பற்றிப் பேசுவார்கள். பத்து இருபது நிமிடம் கிளாஸில் காற்றாட விட்டால் அது பெரும்பாலும் விலகிவிடும். அடியில் இருப்பது அடைத்த நாளின் விஸ்கி.

அப்படியானால் பழைய பாட்டில்களில் சில ஏன் சப்பென்று இருக்கின்றன? மூடியால்தான்.

கார்க் என்பது ஓக் இனத்து மரம் ஒன்றின் பட்டை. ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பார்கள், கார்க் நனைந்து உப்பி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று. அதைப் பார்த்து விஸ்கியையும் படுக்க வைப்பவர்கள் உண்டு. அது பெரிய தவறு. ஒயினில் இருப்பது 13 சதவீத ஆல்கஹால், விஸ்கியில் 40-க்கு மேல். அந்த வீரியம் கார்க்கை அரித்துத் துவள வைத்துவிடும், கார்க்கின் கசப்பும் விஸ்கியில் இறங்கும். ஆகவே விஸ்கி பாட்டில் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நிமிர்ந்து நின்றாலும் கார்க் காய்ந்து சுருங்கும், அதைத் தவிர்க்க முடியாது. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1926-இல் ஒயிட் ஹார்ஸ் நிறுவனம் உலோகத் திருகு மூடியைக் கொண்டுவந்தது. திருகு மூடி போட்ட மலிவான பாட்டில் தரம் குறைந்தது என்று நினைப்பவர்கள், பழைய பாட்டிலைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். பல பத்தாண்டுகள் தாங்குவதில் கார்க்கும் சரி, திருகு மூடியும் சரி, அதனதன் தரத்தையும் இருந்த இடத்தையும் பொறுத்தவை.

இருந்த இடம் என்பது நம் ஊரில் மிக முக்கியம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், இரும்பு பீரோவில், சித்திரை வெயிலில் என்ன சூடு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் விஸ்கியும் கழுத்திலுள்ள காற்றும் விரியும். உள்ளே அழுத்தம் ஏறி, மூடியின் இடுக்கு வழியே கொஞ்சம் ஆவி வெளியேறும். இரவில் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். ஒரு நாளைக்கு இது ஒன்றுமே இல்லை. 25 வருடத்துக்கு, நாள் தவறாமல் நடந்தால், நீரை விட எளிதில் ஆவியாகும் ஆல்கஹால் முன்னதாகக் குறைந்து, வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே சேர்ந்து, மணப்பொருள்கள் மங்கி, கடைசியில் தளர்ந்த ஒரு திரவம் மிஞ்சும். வெயில் நேரே படும் கண்ணாடி அலமாரி இதைவிட மோசம். புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கச் செய்வதோடு வாசனையையும் சிதைக்கும். பாட்டிலை அட்டைப்பெட்டியோடு வைத்திருந்தவர்கள் தெரியாமலேயே நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்.

சூடும் இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல், நூறு ஆண்டு வைத்திருந்தால் ஒரு விஸ்கி எப்படியிருக்கும்? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே மிகச் சிறந்த பதில் அண்டார்டிகாவிலிருந்து வந்தது.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தென் துருவத்தை அடைய நிம்ரோட் என்ற கப்பலில் 1907-இல் புறப்பட்டார். உடன் கொண்டுபோன பொருள்களில் லீத் துறைமுக நகரத்தின் மெக்கின்லே நிறுவனத்திடம் வாங்கிய 25 பெட்டி விஸ்கியும் உண்டு. ராஸ் தீவின் கேப் ராய்ட்ஸ் என்ற இடத்தில் 1908-இல் மரத்தால் ஒரு குடில் கட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1909 ஜனவரி 9 அன்று ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் துருவத்துக்கு 97 கடல் மைல் தூரத்தில் நின்றார்கள். மேலே போனால் உணவு தீர்ந்து திரும்பி வர முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பினார்கள். கடல் உறைவதற்குள் கப்பல் கிளம்ப வேண்டியிருந்ததால் குடிலில் பல பொருள்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

குடிலைப் பாதுகாத்துவரும் நியூசிலாந்தின் அண்டார்டிகா பாரம்பரிய அறக்கட்டளையினர், நூறு ஆண்டு நெருங்கிய நேரத்தில், தரைப்பலகைக்கு அடியில் பனிக்கட்டியில் இறுகிக்கிடந்த மரப்பெட்டிகளைக் கண்டார்கள். 2010-இல்தான் அவற்றைப் பெயர்த்து எடுக்க முடிந்தது. மூன்று பெட்டி விஸ்கி, இரண்டு பெட்டி பிராந்தி. சில பெட்டிகளைப் பனி விரிசல்விடச் செய்திருந்தது, சுற்றியிருந்த பனிக்கட்டியில் விஸ்கி வாசனை அடித்தது. ஆனால் பெட்டியை அசைத்தபோது உள்ளே திரவம் தளும்பும் சத்தம் கேட்டது. அந்தக் குளிரிலும் அது உறையவில்லை. 47 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கி உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டிப் போக வேண்டும்.

ஒரு பெட்டியை கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து, குளிர் அறையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெப்பநிலையை ஏற்றி நாள்கணக்கில் பனியை உருக வைத்தார்கள். அவசரப்பட்டிருந்தால் லேபிள் கரைந்திருக்கும், கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். உள்ளே காகிதத்தில் சுற்றி, வைக்கோல் உறை மாட்டிய பாட்டில்கள். நூறு வருடத்துக்கு முன் ஒரு தொழிலாளி கட்டிய அந்த வைக்கோல் முடிச்சு கூட அவிழாமல் இருந்தது. அப்போது மெக்கின்லே பிராண்டின் உரிமை வைட் அண்ட் மெக்கே நிறுவனத்திடமும், அந்த நிறுவனம் விஜய் மல்லையாவிடமும் இருந்தன. 2011 ஜனவரியில் மூன்று பாட்டில்கள் மல்லையாவின் சொந்த விமானத்தில் ஸ்காட்லாந்துக்குப் பறந்தன.

பாட்டில்களைத் திறக்கக் கூடாது. அண்டார்டிகாவின் வரலாற்றுச் சின்னங்கள் என்பதால் ஆய்வு முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். எனவே இன்வர்கார்டன் ஆய்வகத்தில், டாக்டர் ஊசி போடுவது போன்ற நீண்ட ஊசியைக் கார்க்கின் நடுவே குத்தி இறக்கி, சிறிதளவு விஸ்கியை மட்டும் உறிஞ்சி எடுத்தார்கள். கார்க்கும் அதன் மேல் உறையும் இருந்த இடத்திலேயே இருந்தன. வேதியியலாளர் ஜேம்ஸ் ப்ரைடும், ஐம்புலனில் மூக்கை வைத்தே பிழைக்கும் கலவை வல்லுநர் ரிச்சர்ட் பேட்டர்சனும், எடின்பரோவின் ஸ்காட்ச் விஸ்கி ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து அந்தச் சில மில்லிலிட்டர்களை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஆல்கஹால் சுமார் 47 சதவீதம். நூறு வருடத்தில் அது தன் வீரியத்தைக் காப்பாற்றியிருந்தது. கெட்டுப்போனதற்கான அடையாளமும் இல்லை. அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது அடுத்த முடிவு. அந்தக் காலத்து ஹைலேண்ட் மால்ட் விஸ்கி முரட்டுத்தனமாக, புகைவாடை தூக்கலாக இருக்கும் என்பதே வரலாற்று எழுத்துகள் தந்த சித்திரம். பார்லியை உலர்த்த பீட் என்னும் மட்கிய சதுப்புநிலக் கரியை எரித்தார்கள், அந்தப் புகையின் ஃபீனால்கள் விஸ்கியில் ஏறும். ஆனால் ஷாக்கிள்டனின் பாட்டிலில் புகை லேசாகத்தான் இருந்தது. பழமும் மலரும் மசாலாவும் கலந்த, நுட்பமாக இழைத்த ஒரு விஸ்கி அது. ஃபீனால்களின் விகிதத்தைப் பார்த்து, அந்தப் பீட் ஆர்க்னித் தீவுகளிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். மரச்சத்துகளைப் பார்த்து, அமெரிக்க வெள்ளை ஓக்கில் செய்த, முன்பு ஷெர்ரியோ ஒயினோ இருந்த பீப்பாயில் முதிர்ந்தது என்றார்கள். ஒரு நூற்றாண்டாக ஏடுகள் சொல்லிவந்ததை ஊசிமுனையில் வந்த சில மில்லிலிட்டர் திருத்தியது.

இந்த விஸ்கியை வடித்தது இன்வர்னெஸ் நகரின் க்ளென் மோர் வடிசாலை. 1983-இல் அதை மூடினார்கள், 1986-இல் இடித்தார்கள். கொப்பரைகளும் போயின, வடித்தவர்களும் போனார்கள். பேட்டர்சன் அந்த ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, க்ளென் மோரில் கடைசிக் காலத்தில் வடித்து எங்கோ பீப்பாயில் மிஞ்சியிருந்த விஸ்கியோடு வேறு பல மால்ட்களையும் கலந்து, மூலத்துக்கு நெருங்கிய ஒரு பிரதியை உருவாக்கினார். மூல பாட்டில்களை 2013 ஜனவரியில் நியூசிலாந்துப் பிரதமர் ஜான் கீ அண்டார்டிகாவுக்கே எடுத்துச்சென்று ஒப்படைத்தார்.

பழைய பாட்டில் குடிக்கத் தகுந்ததா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வயது ஏறியதால் அதற்கு மதிப்பு வருவதில்லை. வயது ஏறாமல் இருந்ததால்தான் மதிப்பு. 1970-இல் அடைத்த ஒரு சாதாரண பிளெண்டட் விஸ்கி, 1970-இல் விஸ்கி எப்படிச் செய்தார்கள் என்பதை அப்படியே வைத்திருக்கிறது. அப்போது பல வடிசாலைகளில் கொப்பரைக்கு அடியில் நேரடியாக நிலக்கரி எரிந்தது. பின்னர் நீராவிக் குழாய் வந்தது. தரையில் பார்லியைப் பரப்பி மரத் துடுப்பால் புரட்டிப்போட்டு முளைக்க வைத்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பெரிய ஆலைகளிலிருந்து மால்ட் வந்தது. 1970-களில் கொண்டாடிய கோல்டன் பிராமிஸ் பார்லி ரகம் போய் அதிக மகசூல் ரகங்கள் வந்தன. ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறி, காலிப் பீப்பாய்கள் விஸ்கிக்குப் போன வழக்கம் 1980-களில் நின்றது, ஏனென்றால் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரே பிராண்டின் 1970 பாட்டிலையும் இன்றைய பாட்டிலையும் அடுத்தடுத்து ருசித்தால் வித்தியாசம் தெரிவது இதனால்தான். பழையது சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், அந்தக் காலத்திலும் மட்டமான விஸ்கி நிறைய விற்றது. ஆனால் வேறு, நிச்சயமாக வேறு.

மதிப்பு இருக்கும் இடத்தில் போலியும் வரும். 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஓட்டல் ஒன்றில் சீனாவிலிருந்து வந்த ஒரு விருந்தினர் 1878-ஆம் ஆண்டு மக்காலன் என்று லேபிள் போட்ட பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு விஸ்கிக்கு 9,999 ஃபிராங்க் கொடுத்தார். செய்திப் படத்தைப் பார்த்த வல்லுநர்கள் கார்க்கும் லேபிளும் பொருந்தவில்லை என்று ஐயம் எழுப்ப, ஓட்டல்காரர்களே மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்பன் ஆய்வு, அது 1970-72 வாக்கில் வடித்தது என்றது. இன்னோர் ஆய்வகம், அது தனி மால்ட் கூட இல்லை, தானிய விஸ்கி கலந்த பிளெண்ட் என்றது. ஓட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கார்பன் எப்படி வருடத்தைச் சொல்கிறது என்பது இந்தக் கதையிலேயே அதிசயமான பகுதி. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. அதனால் வளிமண்டலத்தில் கார்பன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. 1963-இல் ஒப்பந்தம் போட்டு வெட்டவெளிச் சோதனையை நிறுத்திய பிறகு அது வருடா வருடம் குறைந்துவந்தது. ஒரு பருவத்தில் விளையும் பார்லி அந்த வருடத்துக் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் தன் மாவுச்சத்தை உண்டாக்குகிறது. அந்த மாவுச்சத்துதான் சர்க்கரையாகி, ஆல்கஹாலாகி, பாட்டிலுக்குள் போகிறது. ஆகவே ஒவ்வொரு சொட்டு விஸ்கியிலும் அதன் பார்லி விளைந்த வருடத்தின் காற்று பதிந்திருக்கிறது. 1955-க்கு முந்தையது என்று சொல்லும் பாட்டிலில் அணுகுண்டுக் கார்பன் இருந்தால், பொய் அங்கேயே உடைந்துவிடும். ஸ்காட்டிஷ் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இந்த முறையில் அரிய பாட்டில்கள் 55-ஐச் சோதித்து, 2018-இல் முடிவு வெளியானபோது அவற்றில் 21 போலி, அல்லது லேபிளில் சொன்ன வருடத்தில் வடிக்காதவை என்று தெரிந்தது.

உங்கள் பீரோ பாட்டிலுக்குக் கார்பன் ஆய்வு தேவையில்லை, கண் போதும். ஜன்னல் பக்கம் நிமிர்த்திப் பிடித்து, திரவத்தின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துக்குள் நின்றால் மூடி தன் வேலையைச் செய்திருக்கிறது. தோள் வரை இறங்கியிருந்தால் கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனாலும் திறந்து பார்க்கலாம். தோளுக்கும் கீழே போயிருந்தால் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ள வேண்டாம். அதுபோல் இறங்க ஆரம்பித்துவிட்ட பாட்டிலை இன்னும் பத்து வருடம் காப்பதில் பொருளே இல்லை. மட்டம் குறையக் குறைய உள்ளே காற்று கூடும், கெடுவது வேகம் பிடிக்கும். குளிரில் வைத்தபோது மேகம் போலக் கலங்கலோ மெல்லிய இழையோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீண்ட சங்கிலிக் கொழுப்பமில எஸ்டர்கள் குளிரில் பிரிந்து நிற்பது அது, அறை வெப்பத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் சீல் கிழிந்து ஒட்டியது போலிருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பாட்டிலாக இருந்தாலோ, கொட்டிவிடுவதுதான் சரி. பால் சேர்ந்த கிரீம் லிக்கர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றுக்குத் தயாரிப்பாளரே இரண்டு வருடம் என்பது போலக் கெடு வைத்திருப்பார், அதற்குப் பின் தொடக் கூடாது.

பழைய கார்க்கைப் பிடுங்கும்போது முக்கால்வாசி உடையும். முதலில் பாட்டிலைச் சில நொடி மட்டும் சாய்த்துக் கார்க்கை நனைத்து, பிறகு நிமிர்த்தி, மூடியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகச் சுழற்ற வேண்டும். உடைந்தால் கவலையில்லை. சுத்தமான மல்துணியிலோ காபி ஃபில்டர் தாளிலோ வடிகட்டி, கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி, வேறொரு விஸ்கியின் நல்ல கார்க்கைப் போட்டுக்கொள்ளலாம். ஈரச் சாக்கு, பூஞ்சை பிடித்த அட்டை போல வாடை விடாமல் அடித்தால் அது கார்க்கில் வளர்ந்த பூஞ்சைகள் உண்டாக்கிய டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம். ஆபத்தில்லை, ஆனால் குடிக்க நன்றாக இருக்காது.

திறந்த பிறகு கணக்கு மாறிவிடும். அழகுக்காக வெட்டுக் கண்ணாடி டிகேன்டரில் ஊற்றி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கிரிஸ்டல் கண்ணாடியில் பளபளப்புக்காக ஈய ஆக்சைடு சேர்த்திருப்பார்கள், ஆல்கஹால் அதை மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும். 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட அளவீட்டில், ஐந்து வருடத்துக்கு மேல் கிரிஸ்டலில் இருந்த பிராந்தியில் லிட்டருக்குச் சுமார் 20,000 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 10 மைக்ரோகிராம். விருந்தன்று ஊற்றி அன்றே காலி செய்வதில் பெரிய தீங்கில்லை, சேமித்து வைக்கக் கூடாது. கடையிலிருந்து வந்த பாட்டிலிலேயே, வெயில் படாத தாழ்ந்த அலமாரியில், நிமிர்த்தி வையுங்கள். பாதிக்குக் கீழே போய்விட்டால் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி இறுக மூடிவிடுங்கள். மேலே காற்று இல்லாவிட்டால் அதுவும் முன்போலவே பல வருடம் இருக்கும்.